எம்.பி.யின் சொத்து விபரத்தை வாசிப்பது எப்படி?

மாத்தளை மாவட்டத்தில் ரத்தோட்டைப் பக்கத் தோட்டம் ஒன்றுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஓர் அம்மா கேட்டார்: "நாங்க ஓட்டுப் போட்டு அனுப்புறவங்க எவ்வளவு வரி கட்டுறாங்கன்னு பார்க்கலாமா தம்பி?"

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு தேடியதில் கிடைத்த பதில் இது: வரிக் கணக்கைப் பார்க்க முடியாது, சொத்துக் கணக்கைப் பார்க்கலாம்.

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு ஒருவர் கொடுக்கும் வருமான விபரம் இரகசியமானது. எம்.பி.க்கும் அதே விதிதான். சொத்து விபரமும் நீண்டகாலம் மூடியே கிடந்தது. 1975ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டப்படி மக்கள் பிரதிநிதிகள் தம் சொத்தையும் கடனையும் வெளிப்படுத்த வேண்டியிருந்தது. கட்டணம் செலுத்தி யாரும் பிரதி பெற முடிந்தது. ஆனால் அதில் உள்ளதை வெளியில் சொல்லத் தடை இருந்தது. மீறுபவருக்கான தண்டப்பணம் அதிகபட்சம் 1,000 ரூபாவாக இருந்தது.

விபரம் கொடுத்த எம்.பி.க்களின் பெயர்களை மட்டுமாவது தாருங்கள் என்று 2018இல் ஓர் ஊடகவியலாளர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டார். நாடாளுமன்றம் மறுத்தது. கொடுக்கத்தான் வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2023 பெப்ரவரி ஆகியிருந்தது.

அந்த ஆண்டே நிலைமை மாறியது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் செப்டெம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. மார்ச் 31 அன்று உள்ள சொத்து விபரத்தை ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும். கணக்கு இலக்கம் போன்ற சில விபரங்களை மறைத்துவிட்டு, அரசியல்வாதிகளின் பிரகடனங்களை இலஞ்ச ஊழல் ஆணைக்குழு தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது.

அதை வாசிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒரே ஆளின் இரண்டு ஆண்டு விபரங்களை எடுங்கள். காணி, வீடு, வாகனம், வங்கி வைப்பு, நகை எல்லாவற்றையும் கூட்டிக் கடனைக் கழியுங்கள். துணையின் பெயரில் உள்ளதையும் சேருங்கள். இடைப்பட்ட ஆண்டில் கூடிய தொகை, அவர் காட்டிய வருமானத்துக்குள் அடங்குகிறதா? எம்.பி.யின் அடிப்படைக் கொடுப்பனவு மாதம் 54,285 ரூபா. வேறு கொடுப்பனவுகளும் உண்டு. ஆனால் அடிப்படையை மட்டும் எடுத்தால் ஆண்டுக்கு 651,420 ரூபாதான். 2025 ஏப்ரல் முதல் உள்ள 18 இலட்சம் ரூபா வரி விலக்கு எல்லையைக்கூட அது தொடாது. சொத்து கோடியில் கூடியிருந்தால், வேறு வருமானம் எது, அதற்கு வரி கட்டப்பட்டதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வரி கட்டிய பற்றுச்சீட்டும் முழு விடையாகாது. தமிழ்நாட்டில் 1991 முதல் 1996 வரை முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா மாதம் 1 ரூபா சம்பளம் பெற்றார். அந்தக் காலத்தில் வருமானத்துக்கு மீறிச் சேர்த்த சொத்து 66 கோடி இந்திய ரூபா என்பது வழக்கு. 2014இல் தண்டனை, 2015இல் விடுதலை. 2017 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை இரத்துச் செய்தபோது அவர் உயிருடன் இல்லை. மற்ற மூவரும் சிறை சென்றனர். வருமான வரிக் கணக்குக் காட்டியதாலேயே பணம் நேர்வழியில் வந்தது என்று ஆகிவிடாது என்பது அந்தத் தீர்ப்பில் முக்கியமானது.

தோட்டத்து அம்மாவுக்கு வருமான வரி இல்லை. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அப்போது 25 நாள் உழைத்தால் 33,750 ரூபா கிடைத்தது. ஆனால் சவர்க்காரத்துக்கும் தொலைபேசி ரீலோட்டுக்கும் 18 வீத வற் வரியை அவரும் கொடுக்கிறார். கோடீஸ்வரருக்கும் அதே 18 வீதம்தான்.

1977இலும் 1983இலும் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களும், 2009இல் எல்லாம் இழந்து முகாமுக்குப் போனவர்களும் படிவங்களை நன்கு அறிவார்கள். எரிந்த வீட்டுக்கும் தொலைந்த வள்ளத்துக்கும் கிராம சேவையாளரின் கையொப்பம் தேடி அலைந்தோம். இழந்தவரிடம் அத்தனை அத்தாட்சி கேட்ட நாட்டில், சேர்த்தவரிடம் ஒரு படிவத்துக்குக் கணக்குக் கேட்பது பெரிய காரியமல்ல. கணக்குப் பொருந்தாவிட்டால் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.