கேள்வி கேட்கப் பழக்கிய பள்ளிக்கூடங்கள்

எங்கட பிள்ளையளிலை டொக்டருக்குப் படிக்கிறவை இருக்கினம், பொறியியல் படிக்கிறவை இருக்கினம். பத்திரிகைத் தொழில் படிக்கப் போறன் என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டிலை பெரிய பிரச்சினைதான். அரசாங்கத்தைப் பற்றி எழுதினவைக்கு ஊரிலை என்ன நடந்தது என்று பெற்றோருக்குத் தெரியும். 2000ஆம் ஆண்டு ஒக்ரோபர் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே மயில்வாகனம் நிமலராஜன் கொல்லப்பட்டார். அந்த மாதத் தேர்தலில் நடந்த மோசடிகளைச் செய்தியாக்கியவர் அவர். எனவே பெற்றோரின் பயம் நியாயமானது. ஆனால், நாங்கள் வந்து சேர்ந்த ஜேர்மனியிலும் இந்தத் தொழில் லேசாய் வளரவில்லை.

1650இல் உலகின் முதல் நாளேடு வெளிவந்தது லைப்சிக் நகரில். அதே நகரப் பல்கலைக்கழகத்தில் 1916இல், முதலாம் உலக யுத்தத்துக்கு நடுவிலை, கார்ல் பூஹர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் பத்திரிகையியலுக்கு என்று நாட்டின் முதல் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். முன்னர் பத்திரிகையில் வேலை செய்தவர் அவர். யுத்தகாலப் பத்திரிகைகள் எழுதின விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்த யுத்தம் முடிந்த பிறகு பேர்லினில் பத்திரிகையாளர் தாங்களே கூட்டம் வைத்து, அரசாங்கத்தாரை அழைத்துக் கேள்வி கேட்டு வந்தார்கள். வீட்டுக்காரர் பத்திரிகையாளர், விருந்தாளி அமைச்சர். 1933இல் நாசிகள் இதைத் தலைகீழாக்கினார்கள். கூட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று நாளாந்தம் உத்தரவு கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஒக்ரோபர் 4ஆம் திகதிச் சட்டம் யூதர்களை இந்தத் தொழிலிலிருந்தே துரத்தியது. 1935இல் பேர்லினில் பத்திரிகைப் பாடசாலை ஒன்றும் திறந்தார்கள். அங்கே என்ன பழக்கியிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

யுத்தத்துக்குப் பிறகு நாடு இரண்டானது போல, இந்தப் படிப்பும் இரண்டானது. கிழக்கில் 1954இல் லைப்சிக்கில் பத்திரிகைத்துறைப் பீடம் வந்தது. கட்சிக்குப் பிரசாரம் செய்வதே பத்திரிகையாளன் வேலை என்று படிப்பித்தார்கள். சனம் அதற்கு வைத்த பெயர் 'சிவப்பு மடம்'. மேற்கில் மூனிச் நகரில் வெர்னர் ஃப்ரீட்மன் என்ற பத்திரிகையாளர் 1949இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்றைய ஜேர்மன் பத்திரிகையாளர் பள்ளி அதுதான்.

அதே 1949இல் பொன் நகரில் பழைய வழக்கம் திரும்பி வந்தது. பத்திரிகையாளர் சங்கமே கூட்டத்தை நடத்தியது. 1999இல் பேர்லினுக்கு மாறியும் முறை மாறவில்லை. திங்கள், புதன், வெள்ளி அரசாங்கப் பேச்சாளர்கள் வந்து இருப்பார்கள். நடுவில் இருந்து நடத்துவது ஒரு பத்திரிகையாளர். கேள்வி முடிய முதல் எழும்பிப் போங்கோ என்று அரசாங்கம் சொல்ல ஏலாது.

இளம் செய்தியாளர்கள் பழக வேண்டிய ஒரு கணக்கும் அங்கே உண்டு. 'ஒன்று' என்றால் பெயரோடு எழுதலாம். 'இரண்டு' என்றால் விசயத்தை எழுதலாம், சொன்னவரின் பெயரை எழுதக்கூடாது. 'மூன்று' என்றால் எழுதவே கூடாது, தெரிந்து வைத்திருக்கத்தான். 'அரசாங்க வட்டாரங்கள் தெரிவிக்கின்றன' என்று வாசிக்கிறோமே, அது 'இரண்டு'. வேலை இடைவேளையிலை பேப்பரில் அகதிச் சட்டம் பற்றி அப்பிடி ஒரு வரி வந்தால், ஆர் எதற்காகச் சொல்லிவிட்டவர் என்று நான் இப்போது யோசிக்கிறனான்.

சிவப்பு மடத்திலை பட்டம் பெற்றவர்தான் கிழக்கு ஜேர்மனியின் தலைவர்களில் ஒருவரான குண்டர் ஷபொவ்ஸ்கி. 1989 நவம்பர் 9ஆம் திகதி மாலை, தொலைக்காட்சியில் நேரடியாய்ப் போன கூட்டத்தில் புதிய பயண விதியை வாசித்தார். எப்போதிருந்து என்று ஒரு செய்தியாளர் கேட்டார். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உடனடியாக என்று சொன்னார். உண்மையில் அது அடுத்த நாளைக்கு இருந்த அறிவிப்பு. சனம் எல்லைக்கு ஓடியது, அன்றிரவே மதில் திறந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான், நீயில்லை என்று பிறகு செய்தியாளர்களுக்குள்ளேயே வாக்குவாதம்! லைப்சிக் பத்திரிகைப் பிரிவைக் கலைக்கும் முடிவு 1990இல் வந்தது.

மூனிச் பள்ளிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளை, அவர்கள் தரும் தலைப்புகளில் ஒன்றுக்கு நேரில் போய்ப் பார்த்து, ஆட்களோடு கதைத்து, ஒரு விவரணம் எழுதி அனுப்ப வேணும். எங்கட சங்கப் பொதுக்கூட்டத்திலை கணக்கறிக்கை வாசிச்ச உடனை கையைத் தூக்குகிற பிள்ளையள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். தாய் தகப்பன் சம்மதிச்சால், அந்த விண்ணப்பப் படிவத்தை நானே எடுத்துக் கொண்டுவந்து குடுப்பன்.