செம்பாக்கம் ஏரியும் புள்ளிப்புறாவும்

ஏரிப் பறவைகளைக் கணக்கெடுக்கப் புகும்போது நீர்க்காகமும் நாமக்கோழியும் முக்குளிப்பானும் தவறாமல் ஏட்டில் ஏறுகின்றன. அதே கரையில் நாள் முழுதும் இரை பொறுக்கும் புள்ளிப்புறாவோ, தானியம் தின்னும் நிலப்பறவைதானே என்ற எண்ணத்தால் விடுபட்டுப் போகிறது. இவ்வழக்கம் பிழையானது என்பதும், தாம்பரத்தை அடுத்த செம்பாக்கம் போன்றதோர் ஊரில் ஏரிக்கும் இப்பறவையின் ஜீவிதத்துக்கும் உள்ள சம்பந்தம் அலட்சியப்படுத்தத் தக்கதன்று என்பதும் என் அபிப்பிராயம்.

மணிப்புறா என்றும் வழங்கும் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டுகையில் 1786-இல் இயற்கையியலாளர் ஸ்கோபோலி சீனத்தின் பெயரை இட்டார். நம் நாட்டு வகைக்கு 1789-இல் கிமெலின் சூரத்தின் பெயரை இட்டார். நம் வகையின் இறக்கைகளில் காணும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் சீன வகைக்கு இல்லை. கூவலிலும் பேதம் உண்டு. இரண்டையும் தனித்தனி இனங்களாகக் கொள்ளும் இக்காலத்து வகைப்பாட்டாளர் சிலரின் கட்சியே எனக்கு நியாயமாகப் படுகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். சிட்டுக்குருவி தானியம் தின்று வாழ்வதாயினும், தன் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளைத் தேடிக் கொணர்ந்தாக வேண்டும். ஆகவே பூச்சி அருகிய ஊரில் அதன் வம்சம் தழைப்பது அரிது. புறாவுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஆண், பெண் இரண்டின் தொண்டைப்பையிலும் உட்சுவர் தடித்து, அதன் அணுக்கள் உதிர்ந்து, புரதமும் கொழுப்பும் செறிந்த, திரிந்த பாலைப் போன்ற ஒரு பொருள் உண்டாகிறது. குஞ்சுகளுக்கு முதல் சில நாட்கள் அதுவே ஆகாரம். ஆஸ்கர் ரிடிலும் அவருடைய சகாக்களும் 1930-களின் முற்பகுதியில் புரோலாக்டின் என்னும் சுரப்பை இனங்கண்டது இத்தொண்டைப்பையைச் சோதித்தே. பறவைக் குலத்தில் புறாக்களைத் தவிர இப்படிப் பாலூட்டுவன மிகச் சில. அவற்றுள் ஒன்றான பூநாரை, செம்பாக்கம் ஏரியின் உபரி நீர் நன்மங்கலத்தின் வழியே போய்ச் சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பில் வந்து இறங்குவது எனக்கு என்றும் வியப்பளிப்பது.

குஞ்சுக்குப் பூச்சி வேண்டாத புறா, பருவம் பார்த்துக் காத்திராமல் ஆண்டின் பெரும்பகுதியிலும் கூடு கட்டுகிறது. கூடு என்பதும் பெயரளவுக்குத்தான்: முருங்கைக் கிளையிலோ, ஏ.சி. வெளிப்பெட்டியின் மேலோ சில குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துவிடும்; கிளையின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் குச்சிகளின் இடுக்கில் இரண்டு வெள்ளை முட்டைகளும் தெரியும். ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாத்தல், மேலும் இரண்டு வாரத்தில் குஞ்சு பறத்தல். காகம் முட்டையைக் கொண்டுபோய்விட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

ஆயினும் பூச்சியிலிருந்து பெற்ற இந்தச் சுதந்திரத்தைப் புறா நீருக்கு அடிமைப்பட்டே பெற்றிருக்கிறது. பூச்சி தின்னும் பறவைக்கு இரையிலேயே ஈரம் கிடைத்துவிடுகிறது. உலர்ந்த புல்விதையில் அது சொற்பம், ஆதலின் புறா தினமும் குடித்தே தீர வேண்டும், குஞ்சுள்ள நாட்களில் மேலும் அதிகமாக. வைகாசி வெயிலில் ஏரிக்கரையில் நின்று கவனித்தால் இது விளங்கும். கரைச் சரிவில் கழுத்தை அசைத்து அசைத்து நடந்து இறங்கும் புறா, கருமையில் வெள்ளைப் புள்ளி பதித்த பிடரி குனிய, அலகை நீரில் ஆழ்த்தி, மற்றப் பறவைகளைப் போல் தலையை உயர்த்தி விழுங்காமல், ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு உடனே பறந்துவிடுகிறது. குடிக்க அது கொண்டது சில விநாடிதான். கணக்கெடுப்போர் கண்ணில் படாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம் போலும்.

நீந்தவும் ஆழத்தில் நின்று இரைதேடவும் அறியாத இப்பறவைக்குச் சாய்வான மண்கரை வேண்டும். விதை முற்றிய புல்லும் அருகிலேயே வேண்டும். ஆகாயத்தாமரையும் சாக்கடையும் சூழ்ந்திருந்த செம்பாக்கம் ஏரியைச் சீர்ப்படுத்தப் பாடுபட்டவர்கள் நன்றிக்குரியவர்கள். 2021 முதல் இவ்வூரைத் தன் எல்லைக்குள் கொண்ட தாம்பரம் மாநகராட்சியை நான் வேண்டுவது ஒன்றே: நடைபாதைக்காகக் கரை முழுவதையும் செங்குத்தான கல்கட்டாக்காமல், ஓரிரு இடங்களிலேனும் மண்சரிவையும் புல்லையும் அப்படியே விட்டுவைக்க வேண்டும். அடுத்த முறை தொலைநோக்கியுடன் கரைக்கு வரும் அன்பர்கள், நீரைப் பார்ப்பதற்கு முன் தம் காலடிப் புல்லையும் பார்த்து, அங்குள்ள புறாக்களையும் ஏட்டில் எழுதிக்கொள்வார்களாக.