வீதி போட்டவர்கள்: வளைகுடாவில் எம்மவர் வரலாற்றின் ஒரு பக்கம்

எமது இடப்பெயர்வின் வரலாற்றை நாம் பெரும்பாலும் வந்துசேர்ந்த நாடுகளை வைத்தே எழுதி வருகிறோம். பாரிஸ், பேர்லின், சூரிச், ரொறன்ரோ என்று அகதி விண்ணப்பம் கொடுக்க முடிந்த நகரங்களே அதில் வருகின்றன. இவற்றுக்குச் சற்று முன்னதாகத் தொடங்கி, இவற்றோடு சமாந்தரமாக ஓடிய இன்னொரு பயணமும் உண்டு. அது குவைத்துக்கும் டுபாய்க்கும் அபுதாபிக்கும் போனவர்களுடையது. அவர்களை ஊர் 'வெளிநாட்டுக்காரர்' என்றது. எங்கள் எழுத்துக்களோ அவர்களைப் புலம்பெயர்ந்தவர்களாகக் கணக்கெடுக்கவில்லை. அவர்களிலும் ஒரு சிறு பகுதியினரான, வீதிகளில் கிறேடரும் றோலரும் ஷவலும் ஓட்டியவர்களைப் பற்றியது இக்கட்டுரை.

வீதிவேலை தமிழருக்குப் புதியதல்ல. 19ஆம் நூற்றாண்டில் மேஜர் தோமஸ் ஸ்கின்னர் இலங்கையின் மலைநாட்டு வீதிகளை வெட்டியபோது மண் சுமந்தவர்களில் தென்னிந்தியத் தமிழரும் இருந்தனர். மலாயாவின் பொதுவேலைத் திணைக்களத்தில் கல்லுடைத்துத் தார் ஊற்றியவர்களிலும் தமிழ்த் தொழிலாளர் ஏராளம். அதே மலாயாவில் யாழ்ப்பாணத்தவர் மேசையிலிருந்து கணக்கெழுதினர். மேசைக்கும் வீதிக்கும் இடையிலான இந்தத் தூரம் எங்கள் சமூகத்தின் மனதில் இன்றும் இருக்கிறது. லண்டன் டாக்டரைப் பற்றிப் பேசுகிற குடும்பம், அபுதாபியில் றோலர் ஓட்டிய சித்தப்பாவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இந்த மௌனத்துக்குப் பணம் மட்டும் காரணமல்ல.

இயந்திரம் ஓட்டும் தொழில் கிழக்கிலங்கைக்கு வந்த கதையில் கல்லோயாவுக்கு ஓர் இடமுண்டு. 1949இல் அங்கு அணை கட்டத் தொடங்கிய மொறிசன் நுட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி பாரிய மண்வாரி இயந்திரங்களைக் கொண்டுவந்தது. அணை எழுந்த அதே பள்ளத்தாக்கில், தனிச்சிங்களச் சட்டம் வந்த 1956 யூனில், தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 1971இல் தரப்படுத்தல் வந்தது. அரசாங்க உத்தியோகக் கதவும் பல்கலைக்கழகக் கதவும் ஒன்றன்பின் ஒன்றாக ஒடுங்கியபோது, கையில் ஒரு தொழில் வைத்திருந்தவனுக்கு மட்டும் வேறொரு வழி திறந்தது. அந்த வழி வளைகுடாவில் இருந்தது.

அங்கு அப்போது வீதி என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. டுபாயின் கழிமுகத்தின் குறுக்கே முதற்பாலமான மக்தூம் பாலம் 1963இல்தான் வந்தது. அபுதாபித் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த மக்தா பாலம் 1968இல் திறக்கப்பட்டது. இன்று ஐக்கிய அரபு எமிரேட்ஸ் என்று அழைக்கப்படும் பகுதியில் வாகனங்கள் 1966 செப்ரெம்பர் வரை எங்கள் ஊரைப்போல இடப்பக்கமே ஓடின. ஓமானில் 1970இல் சுல்தான் காபூஸ் பதவிக்கு வந்தபோது தார் போட்ட வீதி ஏறத்தாழ 10 கிலோமீற்றர்தான். 1971 டிசம்பர் 2இல் எமிரேட்ஸ் ஒன்றியம் பிறந்தது. 1973 ஒக்ரோபருக்குப் பிறகு எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்காகியது. பணம் இருந்தது, மணல் இருந்தது, வேலை செய்ய ஆட்கள் போதவில்லை.

இலங்கையில் 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு வெளிநாட்டுப் பயணம் இலகுவாகியது. ஆரம்பத்தில் போனவர்களில் மேசன், தச்சர், சாரதி, ஒப்பரேட்டர் என்று ஆண்களே அதிகம். வீட்டு வேலைக்குப் பெண்கள் பெருந்தொகையாகப் போனது அதற்குப் பின்னர். வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல்தான் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. அதுவரை எல்லாம் ஏஜென்சிக்காரனின் கையில். காணியை ஈடு வைத்தும் தாலிக்கொடியை அடகு வைத்தும் காசு கட்டினார்கள். கொழும்பில் கையெழுத்திட்ட சம்பளம் ஒன்றாகவும் அங்கு இறங்கியதும் கிடைத்தது வேறொன்றாகவும் இருந்தது பலருடைய அனுபவம்.

அங்கு வீதியைப் பராமரிப்பவனுக்கு எதிரிகள் மூவர்: மணல், உப்பு, வெயில். காற்று ஓரிரவில் வீதியின் குறுக்கே மணல் நாக்கை நீட்டிவிடும். விடியுமுன் ஷவலும் கிறேடரும் போகவேண்டும். (சில்லுள்ள மண்வாரிக்கு அங்கு ஷவல் என்றுதான் பெயர், சாரதி அனுமதிப்பத்திரத்திலும் அதற்குத் தனிப்பிரிவு உண்டு.) அள்ளிய மணலைக் காற்று வரும் பக்கம் கொட்டினால் மறுநாள் அதே மணல் திரும்பி வரும், காற்றுப் போகும் பக்கமே கொட்டவேண்டும். கரையோர உப்புத் தரவைகளை அரபியில் சப்கா என்பார்கள். நிலத்தடி உப்புநீர் மேலேறி, தாருக்கு அடியில் உப்பாக உறைந்து, வீதியைக் கொப்புளம்போல எழுப்பிவிடும். அதனால்தான் அங்கு வீதியைக் கல்லும் கிறவலும் நிரப்பி உயர்த்துகிறார்கள். மூன்றாவது வெயில். கோடையில் தார் இளகி, பார லொறிகளின் சில்லுகள் போன தடம் வாய்க்காலாகிவிடும். அந்தத் தோலைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போடவேண்டும்.

தார்க்கலவை வீதியில் விழும்போது அதன் சூடு ஏறத்தாழ 150 பாகை. அது ஆறுமுன் றோலர் தன் வேலையை முடிக்கவேண்டும். உருளையில் தார் ஒட்டாமலிருக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கவேண்டும். பள்ளப் பக்கத்திலிருந்து மேட்டுப் பக்கத்துக்கு ஏறவேண்டும். சூடான தாரின்மேல் றோலரை நிறுத்தக்கூடாது. நின்ற இடத்தில் பள்ளம் விழும். கீழே 150 பாகை, மேலே 45 பாகை, நடுவில் தகரக் கூரையின்கீழ் தலையில் ஈரத்துவாயோடு ஒரு மனிதன். குளிரூட்டிய கூடுள்ள இயந்திரங்கள் பரவலானது பின்னர்தான். வெளிவேலைக்குக் கோடை நண்பகலில் கட்டாய ஓய்வு என்ற விதி எமிரேட்ஸில் 2005இல்தான் வந்தது. அதற்கு முன் கால் நூற்றாண்டு வீதி போடப்பட்டிருந்தது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இந்த மனிதனின் சட்ட நிலை என்ன? அவனுடைய வதிவிட அனுமதி அவனை அழைத்த முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் குறித்த நாட்களுக்குள் வெளியேறவேண்டும். கடவுச்சீட்டு பெரும்பாலும் கம்பனியின் அலுமாரியில் இருந்தது. வளைகுடா நாடுகளில் எதுவும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டதில்லை. எனவே 1983 யூலையில் கொழும்பு எரிந்த செய்தி கேட்டபோது, பிராங்பேர்ட்டில் இறங்கியவன் அகதியாகப் பதியலாம்; அபுதாபியில் றோலர் ஓட்டியவனுக்கு அப்படிப் பதிய ஓர் அலுவலகமே இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அவன் யுத்தத்துக்குள் திரும்பினான். 1990களின் முற்பகுதியில் அப்படித் திரும்பிய யாழ்ப்பாணத்தவன், ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்ததால் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்தே வீடு போகவேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான மைல் வீதியை ஒழுங்காக வைத்திருந்தவனுக்குத் தன் ஊருக்குப் போக வீதி இருக்கவில்லை.

அவன் அனுப்பிய காசு என்ன செய்தது என்பதையும் சொல்லவேண்டும். தங்கைக்குச் சீதனமானது, வீட்டுக்குக் கூரையானது. பல வீடுகளில் தம்பியை ஐரோப்பாவுக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டிய காசும் அதுதான். இன்று பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எங்களில் பலரின் பயணச்சீட்டு, அந்தப் பாலைவனத்தில் சம்பாதிக்கப்பட்டது.

ஒரே ஒரு தடவைதான் உலகம் இவர்களை எண்ணிப் பார்த்தது. 1990 ஓகஸ்ட் 2இல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது அங்கு ஏறத்தாழ ஒரு லட்சம் இலங்கையர் இருந்தனர்; பெரும்பாலோர் வீட்டு வேலைப் பெண்கள். பஸ்ராவும் பக்தாத்தும் கடந்து, ஜோர்தான் எல்லைக் கூடாரங்களில் வாரக்கணக்கில் தண்ணீருக்கு வரிசையில் நின்று ஊர் திரும்பினர். 1991இல் ஐ.நா. அமைத்த நட்டஈட்டு ஆணைக்குழு, அங்கிருந்து வெளியேற நேர்ந்ததையே ஓர் இழப்பாக ஏற்று, தனியாளுக்கு 2,500 அல்லது 4,000 டொலர் என்று நிர்ணயித்தது. சொந்த நாட்டில் வீடிழந்தபோது கிடைக்காத கணக்கு, வேலைக்குப் போன நாட்டை இழந்தபோது கிடைத்தது.

சட்டங்கள் இப்போது சற்று மாறியுள்ளன. வேலை மாற முன்னைய முதலாளியின் சம்மதக் கடிதம் தேவை என்ற விதியைக் கட்டார் 2020இல் நீக்கியது. தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி பிடித்து வைப்பதை 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த எமிரேட்ஸ் சட்டம் தடைசெய்கிறது. வேலை முடிந்தால் போகவேண்டும் என்பது அநேகமாக மாறவில்லை. 2024 ஏப்ரல் 16இல் அல் அய்ன் பகுதியில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 1949இல் பதிவுகள் தொடங்கிய பின் அவ்வளவு மழை அங்கு பெய்ததில்லை. டுபாயின் ஷேக் ஸயத் வீதியில் கார்கள் மிதந்த படங்களை உலகமே பார்த்தது. தண்ணீரை இறைத்து, சேற்றை வழித்து, வீதியை மறுபடி திறந்த தொழிலாளர்களின் முகங்களை அந்தப் படங்களில் தேடித்தான் பார்க்கவேண்டும்.

1977இல் இருபத்தைந்து வயதில் போனவருக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. அவருடைய பழைய கடவுச்சீட்டு, ஒப்பந்தக் கடதாசி, இயந்திரத்தின் முன் நின்று எடுத்த மங்கிய நிறப்படம், அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் எங்கோ ஒரு பெட்டியில் கிடக்கும். அவரிடம் எந்த வருடம், எந்த வீதி, எந்த இயந்திரம், எவ்வளவு சம்பளம் என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். எங்கள் இடப்பெயர்வு வரலாற்றின் இந்த அத்தியாயத்தை எழுத வேண்டிய ஆவணங்கள் அரச சுவடிக்கூடங்களில் இல்லை. அவை எங்கள் வீடுகளிலேயே இருக்கின்றன.