பழங்காலக் கார்களை மலையேற்றுதலும் இறக்குதலும்: நீலகிரி

பழங்காலக் கார்களைச் சொந்தச் சக்கரங்களில் ஓட்டாமல், லாரியின் முதுகில் ஏற்றியோ, டிரெயிலரில் நிறுத்தி இழுத்தோ, கயிறு அல்லது இரும்புத் தண்டால் கட்டி இழுத்தோ கொண்டுசேர்ப்பது இன்று பல நாடுகளில் தனித் தொழிலாகிவிட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் டிரெயிலரையே நம்புகிறார்கள். 1905-க்கு முன் கட்டப்பட்ட கார்கள் மட்டுமே பங்கேற்கும் லண்டன்–பிரைட்டன் ஓட்டத்துக்குக்கூடப் பல கார்கள் தொடக்க இடம்வரை டிரெயிலரில்தான் வந்து சேர்கின்றன. அகலமான, நேரான சாலைகளில் அந்த முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீலகிரியின் நிலைமை வேறு. மேட்டுப்பாளையத்தைத் தாண்டிவிட்டால் டிரெயிலர் பொருந்தாது. நீளம் குறைந்த தட்டை லாரியின் முதுகில் காரை ஏற்றுவதே சரியான முறை. அந்தத் தேர்வையும் ஏற்றத்தை மனத்தில் கொண்டு அல்ல, இறக்கத்தை மனத்தில் கொண்டு செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த மலையில் பழைய கார்கள் இருப்பதில் வியப்பில்லை. உதகமண்டலம் சென்னை மாகாணத்தின் கோடைகாலத் தலைநகராக இருந்தது. மைசூர் அரச குடும்பத்துக்கு ஃபெர்ன்ஹில்ஸ் அரண்மனையும், ஜோத்பூர் அரச குடும்பத்துக்கு ஆரன்மூர் மாளிகையும் இங்கே இருந்தன. குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களின் துரை பங்களாக்களிலும், வெலிங்டன் ராணுவக் குடியிருப்பிலும் கார் வைத்திருந்தவர்கள் ஏராளம். சமவெளியிலும் பழைய கார்களுக்குக் காட்சியகங்கள் உருவாகியுள்ளன. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் 2015-இல் திறக்கப்பட்டது, சென்னையில் ஏ.வி.எம். பாரம்பரிய அருங்காட்சியகம் 2023-இல் வந்தது. ஆக மலைக்கும் சமவெளிக்கும் இடையே பழைய கார்கள் ஏறி இறங்க வேண்டிய தேவை இருந்துகொண்டே இருக்கிறது. சட்டமும் அந்தத் தேவையை அதிகமாக்கியிருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் கொண்டுவந்த திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை ‘விண்டேஜ்’ என்று தனி வகையாக்கி, பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளையும் சேர்த்தது. அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஆய்வு, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்கு ஓட்டலாம். ஏற்றிச் செல்லத்தான் வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஓட்டுவதற்கான காரணங்களைக் குறுக்கிவிட்டதால், ஏற்றிச் செல்வது இயல்பான வழியாகிவிட்டது.

இனி சாலையைப் பார்க்கலாம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; குன்னூர் 1,850 மீட்டர்; உதகை 2,240 மீட்டர். கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு ஏறும் தேசிய நெடுஞ்சாலை 181-இல் 14 கொண்டை ஊசி வளைவுகள். கல்லாற்றிலிருந்து குன்னூர்வரை சுமார் 1,400 மீட்டர் உயரத்தை ஒரே மூச்சில் ஏற வேண்டும், திரும்பும்போது அதே உயரத்தை ஒரே மூச்சில் இறங்க வேண்டும். பக்கத்திலேயே ஓடும் நீலகிரி மலை ரயில் இதே சிக்கலைத் தீர்த்த விதம் கவனிக்கத் தக்கது. 1899-இல் குன்னூர்வரையும் 1908-இல் உதகைவரையும் வந்த அந்தப் பாதையில், 12-க்கு 1 என்ற சரிவுள்ள பல்சட்டப் பகுதியில் இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நிற்கும். ஏறும்போது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். அதோடு ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் போடுவதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். பள்ளத்தில் நின்று சுமையைத் தாங்குவது இன்ஜின், சுமைக்கும் அதற்கே உரிய பிரேக்: இந்த இரண்டு ஏற்பாடுகளும் இல்லாமல் இந்த மலையில் ரயிலை விடப் பொறியாளர்கள் துணியவில்லை. பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு டிரெயிலரை மாட்டிக் குன்னூரிலிருந்து இறக்குகிறவர், தம்முடைய டிரெயிலரில் இரண்டாவது ஏற்பாடு உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கணக்கு எளியது. பிக்கப், டிரெயிலர், கார் மூன்றும் சேர்ந்து 4 டன் என்று வைத்துக்கொள்வோம். 1,400 மீட்டர் இறங்கும்போது அது இழக்கும் நிலையாற்றல் ஏறக்குறைய 55 மெகாஜூல். அறை வெப்பத்தில் உள்ள 175 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். இறக்கம் ஒரு மணி நேரம் ஆனால், சராசரியாக 15 கிலோவாட் வெப்பம் எங்கோ ஓரிடத்தில் வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். டயர் உராய்வும் காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஃபர்ஸ்ட் கியரிலோ செகண்ட் கியரிலோ இறங்கினால் இன்ஜின் பெரும்பங்கைத் தாங்கும். மிச்சமெல்லாம் பிரேக் டிரம்மில் சேரும். டிரெயிலரில் பிரேக்கே இல்லையென்றால், அதன் பங்கும் இழுக்கும் வண்டியின் தலையில்தான். முட்டும்போது தானே பிடிக்கும் வகை பிரேக் உள்ள டிரெயிலரிலோ வேறு ஆபத்து இருக்கிறது. சமவெளியில் எப்போதாவது பிடித்து விடும் அந்த பிரேக், தொடர்ந்த இறக்கத்தில் டிரெயிலர் முன்வண்டியை முட்டிக்கொண்டே இருப்பதால் ஓயாமல் பிடித்தபடியே இருக்கும். பர்லியாறு வருவதற்குள் சூடேறித் தளர்ந்துவிடக்கூடும். ஓட்டுநரின் இருக்கையிலிருந்து இயக்கும் மின் பிரேக் இதற்குச் சரியான மருந்து. வெளிநாட்டு டிரெயிலர்களில் அது வழக்கமானது. நம் ஊர்ச் சிறு டிரெயிலர்களில் அரிது. வெளிநாட்டில் நன்றாக ஓடுகிறதே, இங்கே ஏன் கூடாது என்று கேட்பவர்களுக்கு உரிய பதிலும் இதுதான்: அங்கே டிரெயிலரைப் பாதுகாப்பாக ஆக்கிய சாதனம் இங்கே டிரெயிலரோடு சேர்ந்து வரவில்லை.

லாரி இன்னும் கனமானதுதானே என்பது நேர்மையான மறுப்பு. ஆம், காரை ஏற்றிய தட்டை லாரி 5 டன்னைத் தொடும். வெளியேற்ற வேண்டிய ஆற்றல் 69 மெகாஜூலாகக் கூடும். ஆனால் அந்த எடை முழுவதும் பிரேக் உள்ள சக்கரங்களின் மேலேயே அமர்ந்திருக்கிறது. அந்த எடைக்கென்றே அளவெடுத்த டிரம், பெரிய டீசல் இன்ஜின், பல லாரிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் ஆகியவை அதற்கு உண்டு. கேரட்டும் தேயிலையும் ஏற்றிக்கொண்டு இதே சாலையில் அன்றாடம் இறங்கும் லாரிகள், இந்த ஏற்பாடு இந்த மலைக்குப் போதுமானது என்பதற்குச் சாட்சி.

வளைவுகளுக்கு வந்தால் டிரெயிலரின் குறை இன்னும் தெளிவாகிறது. மலைச்சாலைகளுக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறை, கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பு ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும் என்றும், அங்கே வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றும் சொல்கிறது. 14 மீட்டர் ஆரத்தில் ஒரு பிக்கப்பின் முன் அச்சு திரும்புவதாகக் கொள்வோம். அதன் இரு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர், கொக்கியிலிருந்து டிரெயிலர் அச்சுவரை 4.5 மீட்டர் என்றால், டிரெயிலரின் சக்கரம் முன்சக்கரத் தடத்தைவிட ஒரு மீட்டருக்கும் அதிகமாக உள்ளே வெட்டும். இரு அச்சுகளுக்கும் இடையே 3.4 மீட்டர் உள்ள லாரியில் அந்த வெட்டு 40 சென்டிமீட்டரைச் சுற்றியே இருக்கும். அந்த ஒரு மீட்டரில் என்ன இருக்கிறது? மலைப்பக்கம் கால்வாய், அல்லது கைப்பிடிச் சுவர், அல்லது எதிரே வரும் பேருந்து. இந்தச் சாலையில் ஓடும் அரசுப் பேருந்துகள் சமவெளிப் பேருந்துகளைவிடக் குட்டையாகக் கட்டப்படுவதன் காரணமும் இதுவே.

இதைவிடக் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது சாலை விதி. இறங்குகிறவர் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். வளைவு நடுவில் பேருந்து எதிர்ப்பட்டால் இறங்கும் வண்டி பின்னோக்கி ஏற வேண்டியும் வரலாம். லாரி அதைச் செய்யும்: க்ளீனர் இறங்கிக் கை காட்டினால் போதும். டிரெயிலரோ ரிவர்ஸில் எதிர்த்திசைக்குத் திரும்பும். சரிவில், வளைவில், பின்னால் பத்து வண்டிகள் நிற்கையில், தேர்ந்த ஓட்டுநரே அதை நேராக ஏற்றத் திணறுவார். நேர்ச்சாலையில் எவ்வளவு நிதானமாக வந்தாலும், சட்டப்படி தன் மேல் விழும் கடமையைச் செய்ய முடியாத வண்டி அந்தச் சாலைக்குத் தகுந்த வண்டி அல்ல.

லாரி முதுகில் ஏற்றினால் உயரம் கூடிக் கவிழ்ந்துவிடாதா என்ற அச்சம் பலருக்கு உண்டு. அந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது, அளவும் இருக்கிறது. 14 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும்போது பக்கவாட்டு விசை ஈர்ப்பு விசையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். 30 கிலோமீட்டரில் அது ஈர்ப்பு விசையில் பாதியாக உயர்ந்துவிடும். உயரத்தில் சுமை ஏற்றிய லாரி கவிழும் எல்லை அந்தப் பாதியை ஒட்டித்தான் இருக்கிறது. ஆக வேகமே முடிவு செய்கிறது. தட்டு தாழ்வாக இருக்கும் லாரியைத் தேர்ந்து, வளைவில் 15 கிலோமீட்டரைத் தாண்டாமல் வந்தால் உயரம் ஒரு தடையல்ல. இன்னொன்று, கட்டும் முறை. ரேச்சட் பெல்ட்டை பம்பரிலோ மரக்கம்பிச் சக்கரத்திலோ மாட்டக்கூடாது; ஐம்பதாண்டுக்கு முந்தைய மரக்கம்பிகள் அந்த இழுவிசையைத் தாங்கா. அச்சிலும் சட்டகத்திலும் நான்கு மூலைகளில் கட்டி, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, முதல் சில வளைவுகள் கடந்ததும் நிறுத்திப் பெல்ட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். வில்தகடுகள் அசைந்து அமர்ந்ததும் பெல்ட் தளர்வது உறுதி. கல்லாற்றில் கட்டியதை மேலே ஏறியதும் சரிபார்ப்பது இந்தப் பயணத்தின் கட்டாயப் பகுதி.

உணர்ச்சியோடு வரும் மறுப்பு இன்னொன்று: இந்தக் கார்கள் ஓடுவதற்காகவே பிறந்தவை, அந்தக் காலத்தில் இதே மலையில் தாமாகவே ஏறவில்லையா? ஏறின. அதை மறுக்க முடியாது. ஓடாத காரில் ரப்பர் காய்ந்து, தோல் வாஷர் சுருங்கி, பெட்ரோல் டேங்க் துருப்பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் அவை ஏறிய சாலையில் இன்றைய நெரிசல் இல்லை. ரேடியேட்டர் கொதித்தால் நடுவழியில் அரை மணி நேரம் நின்று ஆறவைக்க இடம் இருந்தது. உதகையின் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும்; அழுத்த மூடி இல்லாத பழைய ரேடியேட்டருக்கு இது பெரிய இழப்பு. காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் இன்ஜினின் வலுவும் அதே விகிதத்தில் குறையும், கார்புரேட்டர் பெட்ரோலை அதிகமாகக் கொடுத்துப் புகைக்கும். ஏற்றத்தில் இவையெல்லாம் தாமதம் மட்டுமே. உயிருக்கு ஆபத்து இல்லை. இறக்கம் வேறு. நான்கு சக்கரங்களிலும் பிரேக் பரவலானது 1920-களின் நடுவில்தான். அதற்கு முந்தைய பல கார்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக். ஃபோர்டு மாடல் டி காரில் கால் பிரேக் சக்கரத்தையே தொடாது, கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் பட்டையைத்தான் பிடிக்கும். அத்தகைய காரை மேலே ஓட்டிச் சென்று, கீழே வரும்போது மட்டும் லாரியில் ஏற்றி வரலாமா என்று யாரேனும் கேட்டால் அதை நியாயமான சமரசமாகவே ஏற்க வேண்டும். ஏறும்போது லாரி அமர்த்தி, இறங்கும்போது செலவு மிச்சமென்று ஓட்டி வருவதுதான் தலைகீழ் வழக்கம்.

வழியும் காலமும் தேர்வில் சேர்ந்தவை. வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர்வரை, குன்னூர்ச் சாலையில் மண் சரியும். 2009 நவம்பரின் பேரழிவு இன்னும் நினைவில் இருக்கிறது. மே மாதச் சீசனில் ஏறுவோருக்குக் குன்னூர் வழி, இறங்குவோருக்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் போக்குவரத்து வைப்பார்கள். மலர்க் கண்காட்சியை ஒட்டிக் காரை ஏற்ற நினைப்பவர் இதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். மைசூர்ப் பக்கமிருந்து வருவதென்றால் பந்திப்பூரில் இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரை சாலை அடைப்பு உண்டு. மசினகுடியிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் கல்லட்டிப் பாதையைச் சுமை ஏற்றிய எந்த வண்டிக்கும் பரிந்துரைக்க முடியாது. கூடலூர், நடுவட்டம் வழியே சுற்றி வருவதே முறை. நீண்ட கன்டெய்னர் வண்டியில் தொலைவிலிருந்து வரும் கார்களை மேட்டுப்பாளையத்திலேயே இறக்கிச் சிறு லாரிக்கு மாற்றுவது கூடுதல் செலவுதான். ஒரு விளக்கு மூடியோ ஒரு மட்கார்டோ நசுங்கினால் மாற்று கிடைக்காத கார்களுக்கு அந்தச் செலவு பெரிதல்ல.

இந்த வாதத்துக்கு எல்லை ஒன்று உண்டு, அது தோட்டங்களுக்குள் இருக்கிறது. பல எஸ்டேட் பாதைகளில் லாரியே நுழைய முடியாது. பங்களா ஷெட்டில் பல ஆண்டுகளாக நிற்கும் மாரிஸையோ ஆஸ்டினையோ பிரதான சாலைவரை கொண்டுவர டிராக்டரால் கட்டி இழுப்பதைத் தவிர வழியில்லை. அங்கேயும் கயிறு கூடாது. இறக்கத்தில் கயிறு தளர்ந்து கார் டிராக்டரை முட்டும். இரும்புத் தண்டு மட்டுமே இரண்டையும் பிரித்து வைக்கும். காருக்குள் பிரேக் தெரிந்த ஒருவர் ஸ்டீயரிங் பிடித்து அமர வேண்டும், ஆனால் அந்த பிரேக்கை நம்பித் திட்டமிடக்கூடாது. பின்சக்கர இயக்கம் உள்ள பழைய கார்களில் இன்ஜின் நின்றபடி இழுத்தால் கியர்ப்பெட்டியின் பின்பாகம் எண்ணெய் தெறிக்காமல் உலர்ந்தே சுழலும். தொலைவு கூடினால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட வேண்டும். பொதுச் சாலையில் கட்டி இழுக்கும் வண்டியின் வேகத்தை 1989-ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகள் மணிக்கு 24 கிலோமீட்டராகவும், இரு வண்டிகளுக்கும் இடையே உள்ள தொலைவை 5 மீட்டராகவும் கட்டுப்படுத்தின. தேயிலைப் பாத்திகளுக்கு நடுவே ஓடும் மண்பாதையில் நடைவேகமே போதும். பிரதான சாலையைத் தொட்டதும், சமதளமான ஓரிடத்தில் லாரியை நிறுத்தி, தட்டைச் சாய்த்து, வின்ச்சால் மெதுவாக இழுத்து ஏற்ற வேண்டும். சாய்த்த தட்டில் வின்ச் போடும்போது கம்பி அறுந்தால் கார் போகும் திசையில் ஆள் நிற்கக்கூடாது. பழைய காரில் வின்ச் கொக்கியை மாட்டுவதற்கு முன்பே நான்கு கட்டைகளும் கையில் தயாராக இருக்க வேண்டும்.