தேர்தல் கணிப்பு: தமிழ்நாட்டு வரலாறு

வாக்கு எண்ணும் முன்பே ஆட்சி யார் கைக்குப் போகும் என்று மதிப்பிடும் முயற்சியைத் தேர்தல் கணிப்பு என்கிறோம். அமெரிக்காவில் ஆளுநரை அந்தந்த மாநில மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐம்பது மாநிலங்களில் எந்தக் கட்சிக்கு அதிக ஆளுநர்கள் கிடைப்பார்கள் என்று சொல்லப் புகுபவர், ஒவ்வொரு மாநிலத்திலும் மொத்தமாக யாருக்கு வாக்கு அதிகம் என்று கண்டுகொண்டால் போதும். நம் நாட்டில் ஆளுநர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர். ஆட்சி நடத்தும் முதலமைச்சரை முடிவு செய்வது சட்டமன்றப் பெரும்பான்மை. ஆகவே தமிழ்நாட்டில் கோட்டையைப் பிடிப்பவர் யார் என்று சொல்ல, 234 தனித்தனிப் போட்டிகளின் முடிவைச் சொல்லியாக வேண்டும். மக்கள் மனத்தை அறிவது முதல் படி. அதை இடங்களாக மாற்றுவது இரண்டாம் படி. தமிழ்நாட்டுக் கணிப்புகள் அதிகம் தடுக்கியது இரண்டாம் படியில்தான் என்பதை இங்கு நடந்த தேர்தல்களின் கணக்கே காட்டுகிறது.

முதல் படிக்கான கருவி வெளியிலிருந்து வந்தது. 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில் அட்டைகளை எண்ணி லாண்டன் வெல்வார் என்றது. ஜார்ஜ் கேலப் அதைவிட மிகக் குறைந்த பேரைத் தேர்ந்து கேட்டு ரூஸ்வெல்ட் என்றார். வென்றவர் ரூஸ்வெல்ட். கேலப்பின் வழியை 1950-களில் எரிக் டி கோஸ்டா தில்லிக்குக் கொண்டுவந்தார். ரஜனி கோத்தாரி 1963-இல் நிறுவிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையம் 1967-இல் நாடளாவிய வாக்காளர் ஆய்வை நடத்தியது. 1980-களில் பிரணாய் ராயும் அசோக் லாஹிரியும் பிரிட்டிஷ் ஆய்வாளர் டேவிட் பட்லருடன் சேர்ந்து, வாக்கு எவ்வளவு புரள்கிறது என்பதோடு எதிர்க்கட்சிகள் எவ்வளவு ஒன்றுபட்டிருக்கின்றன என்பதையும் அளந்தார்கள். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இவற்றில் உருப்படியான கருவி இந்தக் கடைசி அளவுதான். இங்கே கூட்டணிக் கணக்குப் போடாத கட்சித் தலைவர் அரிது. ஜூனியர் விகடன், நக்கீரன் போன்ற இதழ்கள் தொகுதிவாரியாக நிலவரம் எழுதின. சென்னை லயோலா கல்லூரியின் பேராசிரியர் ராஜநாயகம் தலைமையில் வந்த கணிப்புகள் ‘லயோலா சர்வே’ என்றே பேர் பெற்றன. கணிப்பு என்பது இங்கு எவ்வளவு சூடான சரக்கு என்பதற்கு ஒரு சோகமான சான்றும் உண்டு: கலைஞரின் அரசியல் வாரிசு யார் என்று கேட்ட ஒரு கருத்துக்கணிப்பு வெளியானதை ஒட்டி 2007 மே 9 அன்று மதுரை தினகரன் அலுவலகம் தாக்கித் தீவைக்கப்பட்டதில் மூன்று ஊழியர்கள் உயிரிழந்தனர்.

இரண்டாம் படி எவ்வளவு வழுக்கும் என்பதற்கு 1967-ஐ விடத் தெளிவான சான்று இல்லை. அந்த ஆண்டு காங்கிரஸுக்கு ஏறத்தாழ 41.1 விழுக்காடு வாக்கு, திமுகவுக்கு 40.7. வாக்கு விழுக்காட்டை மட்டும் துல்லியமாக அளந்த ஒருவர் காங்கிரஸ் ஒரு முடி முன்னால் நிற்கிறது என்றுதான் அறிக்கை எழுதியிருப்பார். முடிவோ திமுகவுக்கு 137 இடம், காங்கிரஸுக்கு 51. சுதந்திரா, மார்க்சிஸ்ட் உள்ளிட்ட தோழமைக் கட்சிகளோடு தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டதால், போட்டியிட்ட இடங்களில் திமுகவின் வாக்கு அடர்ந்து விழுந்தது. காங்கிரஸின் வாக்கு மாநிலம் முழுக்கப் பரவிக் கிடந்தது. 2006-இல் இதே பாடத்தைத் தேமுதிக வேறு விதத்தில் படித்தது: எட்டு விழுக்காட்டுக்கு மேல் வாக்கு, கையில் கிடைத்தது விருத்தாசலம் ஒன்றே. 1980 இன்னொரு கோணத்தைத் தருகிறது. ஜனவரி மக்களவைத் தேர்தலில் திமுக–இந்திரா காங்கிரஸ் அணி 39-இல் 37 தொகுதிகளை வாரிக்கொண்டது, எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது அதே அணி தோற்று, அதிமுக தனியாகவே 129 இடங்களைப் பிடித்தது. நான்கு மாதத்துக்கு முந்தைய வாக்கை அடிப்படையாக வைத்துக் கணக்குப் போட்ட எவரும் அந்த மே மாதத்தைக் கண்டிருக்க முடியாது.

2016-இல் இரு படிகளின் கோளாறுகளும் ஒன்றாகச் சேர்ந்தன. வாக்களித்து வந்தவர்களிடம் கேட்டு மே 16 மாலை வெளியான வாக்குக்கணிப்புகளில் பல திமுக அணியின் பக்கம் சாய்ந்தன. ஆக்சிஸ் மை இந்தியா அந்த அணிக்கு 124 முதல் 140 இடம் வரை கொடுத்தது. மூன்று நாள் கழித்து அதிமுக 134 இடங்களோடு ஆட்சியைத் தக்கவைத்தது. இரு அணிகளுக்கும் இடையிலான வாக்கு வித்தியாசம் ஏறத்தாழ ஒரு விழுக்காடு. முற்றிலும் சீரற்ற முறையில் 10,000 பேரைத் தேர்ந்து கேட்டாலும், இப்படிப்பட்ட இருமுனைப் போட்டியில் வித்தியாசத்தின் பிழை எல்லை இரண்டு விழுக்காட்டை நெருங்கும். ஒரு விழுக்காட்டைப் பிரித்தறிய 40,000 பேராவது வேண்டும். தொகுதி அளவுக்கு இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். ஆவடித் தொகுதியில் அதிமுகவின் க. பாண்டியராஜனும் திமுகவின் சா.மு. நாசரும் சேர்ந்து இரண்டு லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்க, வித்தியாசம் 1,395. ராதாபுரத்தில் 49. அதே தேர்தலில் சென்னை மாவட்டத்தின் 16 தொகுதிகளில் பத்து திமுகவுக்குப் போக, நகரத்தை ஒட்டிய ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்றும் அதிமுகவுக்கு வந்தன. சென்னை அண்ணா நகரில் கேட்டதைக் கொண்டு ஆவடியின் பட்டாபிராமை ஊகிக்க முடியாது. கனரக வாகனத் தொழிற்சாலைக் குடியிருப்பும் புதிதாக எழுந்த அடுக்குமாடிகளும் பழைய ஊர்த் தெருக்களும் கலந்து கிடக்கும் ஒரு தொகுதியில் இருநூறு பேரைக் கேட்டுவிட்டு 1,395 வாக்கைத் தொட்டுவிடலாம் என்பது வீண் நம்பிக்கை.

இதற்கு மாற்றாகச் சிலர் முன்வைப்பது ராசியான தொகுதி என்ற கோட்பாடு. ஆவடியையே அதற்கு எடுத்துக்காட்டலாம். 2008 மறுவரையறைக்குப் பின் உருவான இத்தொகுதியில் 2011-இல் அதிமுகவின் அப்துல் ரஹீம், 2016-இல் பாண்டியராஜன், 2021-இல் நாசர் என வென்றவர் மூவரும் ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்தவர்களே. ஆனால் ஒவ்வொரு தொகுதியும் காசு சுண்டித்தான் கட்சியைத் தேர்ந்தது என்று வைத்துக்கொண்டாலும், 234-இல் ஏறக்குறைய 29 தொகுதிகள் மூன்று முறையும் ‘சரியாக’ விழும். வெல்லும் அணி பாதிக்கு மேல் இடங்களைப் பிடிப்பதால் உண்மையான எண்ணிக்கை இதைவிட அதிகமாகத்தான் இருக்கும். இதே தேர்தல்களில் அம்பத்தூரும் அப்படித்தான் விழுந்தது. அலை அடித்த பக்கம் சாய்ந்ததைத் தவிர இதில் தொகுதியின் ராசி எதுவும் இல்லை.

இரண்டாம் படியையே குறை சொல்வது மிகை என்று வாதிடுபவர்கள் 2021-ஐக் காட்டுவார்கள். அந்த ஆண்டு முக்கியக் கணிப்புகள் எல்லாமே திமுக அணிக்கு வெற்றி என்றன, அப்படியே நடந்தது. உண்மைதான், ஆனால் அப்போது இரு அணிகளுக்கும் இடையே ஆறு விழுக்காட்டுக்கு நெருங்கிய இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை டீக்கடையில் கேட்டே சொல்லியிருக்கலாம். இடங்களின் எண்ணிக்கையில் அவை அப்போதும் தவறின: ஆக்சிஸ் 175 முதல் 195 என்றது, சி-வோட்டர் 160 முதல் 172 என்றது, வந்தது 159. இதே சி-வோட்டர் 2016-இல் அதிமுகவுக்கு 139 என்று ஏறக்குறையச் சரியாகச் சொன்னதே என்று கேட்கலாம். ஒரு விழுக்காட்டில் முடியும் போட்டியில் நிறுவனங்கள் இரு பக்கமும் சொன்னால் ஒரு பக்கம் எப்படியும் பலித்துவிடும். பலித்தவர் முறை தெரிந்தவர் என்று அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

வாக்காளர் உண்மையைச் சொல்வதில்லை, சிக்கல் முதல் படியிலேயே இருக்கிறது என்பது இன்னும் வலுவான மறுப்பு. வீட்டு வாசலில் நிற்கும் அந்நியரிடம் ஆளுங்கட்சிக்கு எதிராகப் பேசத் தயங்குவது இயல்பு. ஆண்கள் ஷிப்டுக்குப் போன நேரத்தில் பெண்களிடம் மட்டும் கேட்டாலும், பெண்களை ஒதுக்கிவிட்டு ஆண்களிடம் மட்டும் கேட்டாலும் படம் கோணும். ஆனால் இந்தத் தயக்கம் எல்லாத் தேர்தலிலும் உண்டு. தவறுகளோ இழுபறியிலும் இடக் கணக்கிலும் குவிகின்றன. அதோடு ஒரே வாக்காளர் ஒரே நாளில் இரு விதமாக வாக்களிக்கவும் செய்கிறார். 2019-இல் மக்களவைத் தேர்தலை ஒட்டி வந்த 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் திமுக 13 இடங்களை வென்றது, பூந்தமல்லியும் அதில் ஒன்று. மீதி ஒன்பதும் அதிமுகவுக்குப் போய் எடப்பாடி பழனிசாமியின் ஆட்சியைக் காத்தன. மக்களவைத் தேர்தலிலோ அதே அதிமுகவுக்குத் தேனி ஒன்றே மிஞ்சியது. இரு முடிவுகளிலும் மக்கள் பொய் சொல்லவில்லை; கேள்வி வேறாக இருந்தது.

கணிப்பு வாக்காளரை வெல்லும் பக்கம் இழுத்துவிடும் என்ற அச்சம்தான் சட்டத்துக்கு வித்திட்டது. 1998-இல் தேர்தல் ஆணையம் தன் ஆணையால் தடைவிதிக்கப் பார்த்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. பிறகு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 126-ஏ பிரிவு சேர்க்கப்பட்டு 2010-இல் நடப்புக்கு வந்தது: கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும் வரை வாக்குக்கணிப்பை வெளியிட்டால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2021 ஏப்ரல் 6 அன்று வாக்களித்த தமிழ்நாட்டவர், மேற்கு வங்கத்தின் எட்டாம் கட்டம் முடியும் ஏப்ரல் 29 மாலை வரை கணிப்புக்காகக் காத்திருந்தது இதனால்தான். வாக்களித்து முடித்தவர்களை எந்தக் கணிப்பாலும் இழுக்க முடியாது. அந்த 23 நாள் மௌனம் வங்கத்து வாக்காளருக்காக. தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்பே கட்சிகள் தங்களுக்கென எடுத்துக்கொள்ளும் சர்வேக்களையோ, அதில் வசதியான பக்கத்தை மட்டும் நிருபர்களிடம் கசியவிடுவதையோ இந்தப் பிரிவு தொடுவதில்லை.