பந்தும் ஸ்டெதஸ்கோப்பும்

சித்தூரில் எங்கள் அகத்தில், மாலையில் நான் பந்தை எடுத்தால் அப்பா ஒரே கேள்விதான் கேட்பார்: "பந்து சோறு போடுமா?" 1970-களின் துவக்கத்தில் திருப்பதியில் பி.எஸ்ஸி. படித்தபோது கல்லூரி அணியில் ஆடினேன். உத்தியோகம் கிடைத்தது, பந்தை விட்டுவிட்டேன். அப்பாவின் கேள்விக்கு உரிய பதில், ரிடையரான பிறகு டாக்டர் தாலிமெரென் ஆவோ அவர்களின் சரித்திரத்தைப் படித்தபோதுதான் கிடைத்தது. அன்பர்களுடன் அதைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அவர் 1918 ஜனவரி 28 அன்று நாகா மலைப் பகுதியில் சாங்கி கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் கிறிஸ்தவ போதகர். 1935-ல் டைபாய்டு ஜுரத்தில் காலமானார். மகன் டாக்டராகித் தம் ஜனங்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பதே அவரது விருப்பம்.

கௌஹாத்தி காட்டன் கல்லூரியில் படித்த ஆவோ, 1942-ல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் (இன்றைய ஆர்.ஜி. கர்) சேர்ந்தார். மறு வருஷமே மோகன் பகான் அணியில் இடம். பகலில் பாடம், மாலையில் மைதானம்.

1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணிக்கு அவரே காப்டன். துவக்க விழாவில் தேசியக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. ஜூலை 31 அன்று பிரான்ஸுடன் ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். மைசூர் வீரர் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு, 2–1 என்ற கணக்கில் தோற்றோம். ஆனாலும் லண்டன் ரசிகர்கள் கைதட்டி வழியனுப்பினார்கள்.

அச்சமயம் ஆர்ஸனல் கிளப் அவரை அழைத்ததாகவும், படிப்பை முடிக்க வேண்டும் என்று மறுத்துவிட்டதாகவும் கூறுவர். 1950-ல் எம்.பி.பி.எஸ். தேறினார். 1953-ல் கோஹிமா அரசு ஆஸ்பத்திரிக்குச் சென்றார். 1963-ல் நாகாலாந்து தனி மாநிலமானது. அதன் சுகாதாரத் துறை இயக்குநராகப் பணியாற்றி 1978-ல் ஓய்வு பெற்றார். 1998 செப்டம்பர் 13 அன்று காலமானார்.

பந்து சோறு போட்டதோ இல்லையோ, படிப்பை அது கெடுக்கவில்லை. அவரிடம் ஒன்று மற்றொன்றுக்கு வழிவிட்டது, அவ்வளவே. நான் பந்தை விட்டதில் இன்று வருத்தமில்லை. ஆனால் உத்தியோகம் வந்த அன்றே விட்டிருக்க வேண்டியதில்லை என்று தோன்றுகிறது.

பெங்களூரில் என் பேரன் பள்ளி அணியில் ஆடுகிறான். அப்பாவின் கேள்வியை நான் அவனிடம் கேட்பதில்லை. "ஹோம்வொர்க் முடிந்ததா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மாட்ச் பார்க்கக் கூடவே கிளம்பிவிடுகிறேன்.