குழந்தைக் காவல் வழக்கும் அழைப்பாணையும்: மரக்காணம் கடற்கரைக்கு ஒரு பழைய தீர்ப்பு தரும் பாடம்

பெற்றோர் பிரிந்தபின் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று கேட்டுத் தொடரப்படும் வழக்கு குழந்தைக் காவல் வழக்கு எனப்படும். தாய் நல்லவரா, தந்தை நல்லவரா என்ற விசாரணைக்கு முன்பே இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர் எது? வழக்கு பற்றிய அறிவிப்பு உரியவர்களிடம் போய்ச் சேர்ந்ததா? இவற்றில் பிழை இருந்தால் மூன்று நீதிமன்றம் ஏறிய வழக்கும் ஒரே நாளில் வீழ்ந்துவிடும். அப்படி வீழ்ந்த புகழ்பெற்ற வழக்கு ஒன்று நம் வடதமிழகக் கடற்கரையிலேயே தொடங்கியது.

எல்லைகள் நிறைந்த கடற்கரை

மரக்காணம் இன்று விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. ஆங்கிலேயர் காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வடக்கே செங்கல்பட்டு மாவட்டம். தெற்கே, அன்று பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரி. ஆங்கிலேய அரசின் பிடியாணை புதுச்சேரி எல்லையோடு நின்றுவிடும். பாரதியார் 1908 முதல் 1918 வரை அங்கே தங்கியிருந்ததற்கு இதுவே காரணம். ஒரு நீதிமன்றத்தின் காகிதம் எந்த எல்லை வரை செல்லும் என்பது இந்தக் கடற்கரை மக்கள் நேரில் அறிந்த செய்தி.

பெசன்ட் – நாராயணய்யா வழக்கு

அரசுப் பணியில் ஓய்வு பெற்ற ஜிட்டு நாராயணய்யா 1909இல் தம் பிள்ளைகளுடன் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தி, பின்னாளில் உலகறிந்த சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1910 மார்ச்சில் நாராயணய்யா ஓர் ஆவணத்தில் கையொப்பமிட்டு, கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா ஆகிய இரு மகன்களின் பாதுகாவலராகச் சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையாரை ஏற்றுக்கொண்டார். 1912இல் அம்மையார் இருவரையும் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். தந்தை மனம் மாறினார். பிள்ளைகளைத் திரும்பக் கேட்டார்.

அடையாறு அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்ததால், 1912 அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் ஆனது. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தந்தைக்காகச் சி. பி. ராமசாமி ஐயர் வாதாடினார். பெசன்ட் அம்மையார் தாமே வாதாடினார். 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்கத் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு மேல்முறையீட்டிலும் தந்தைக்கே வெற்றி.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1914 மே 25 அன்று எல்லாம் தலைகீழானது. வழக்குத் தொடுத்த நாளில் பிள்ளைகள் பல மாதங்களாக இங்கிலாந்தில் படிப்புக்காக இருந்தார்கள். ஆகவே அவர்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் வழக்கமாக வசிப்பவர்கள் அல்லர். அந்த மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று கவுன்சில் கூறியது. பிள்ளைகளின் நலனை எடுத்துச் சொல்ல அவர்கள் சார்பில் யாரும் இல்லை, அவர்களுடைய விருப்பமும் கேட்கப்படவில்லை என்பதையும் குறையாகச் சொன்னது. தந்தை விரும்பினால் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்றது. பிள்ளைகள் தந்தையிடம் திரும்பவில்லை.

இதே தீர்ப்பில் தந்தையர் பக்கம் நிற்கும் ஒரு கருத்தும் உண்டு. பிள்ளையைப் பிறரிடம் ஒப்படைத்து எழுதிக் கொடுத்தாலும், அந்த ஒப்படைப்பைத் தந்தை திரும்பப் பெறலாம். ஆனால் அப்படிப் பெறுவது பிள்ளையின் நலனைக் கெடுக்குமா என்பதை நீதிமன்றம் பார்க்கும் என்பதே அது.

மனுவில் எழுத வேண்டியவை

அந்த வழக்கில் ஆராயப்பட்ட 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 9ஆம் பிரிவு, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தைக் காட்டுகிறது. குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984 வந்தபின், அத்தகைய நீதிமன்றம் உள்ள பகுதிகளில் இவ்வழக்குகள் அங்கே செல்கின்றன.

பாதுகாவலர் நியமனம் கோரும் மனுவில் குழந்தையின் பெயர், மதம், பிறந்த தேதி, வழக்கமான இருப்பிடம், யாருடைய பொறுப்பில் உள்ளது, நெருங்கிய உறவினர் யார் ஆகியவற்றை 10ஆம் பிரிவு கேட்கிறது. பாதுகாவலராக முன்மொழியப்படுபவர் தம் சம்மதத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதில் கையெழுத்திட வேண்டும்.

மரக்காணத்தில் உப்பு எடுப்பு கோடையை நம்பிய தொழில். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கும், வேலை நிற்கும். பிழைப்புக்காகத் தாய் குழந்தையுடன் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ சென்றுவிட்டால், தந்தை எங்கே மனுப் போடுவது? புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதி. மேல்முறையீட்டுக்குச் சென்னை உயர் நீதிமன்றமே என்றாலும், கீழமை நீதிமன்றங்கள் வேறு. சில வாரத் தங்கலா, பள்ளியில் சேர்த்து நிலைத்த குடியிருப்பா என்று பார்த்தே நீதிமன்றம் முடிவு செய்யும்.

ஆவணம் கேட்கும் அழைப்பாணை

அதை மெய்ப்பிக்க ஆவணம் தேவை. பள்ளி வருகைப் பதிவேடு, பிறப்புச் சான்று, கூலிப் பதிவேடு போன்றவை பிறர் கையில் இருக்கும். உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908இன் 16ஆம் கட்டளைப்படி, ஆவணத்தை மட்டும் கொண்டுவரச் சொல்லி ஒருவருக்குச் சம்மன் அனுப்பலாம். அவர் நேரில் வராமல் ஆவணத்தை அனுப்பி வைத்தாலும் போதும். சாட்சியின் வழிச்செலவுக்கான பேட்டாவை, அவரை அழைப்பவர் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும்.

சம்மனைக் கொண்டுபோய்க் கொடுப்பவரை நம் ஊரில் அமீனா என்பார்கள். உரியவர் வீட்டில் இல்லை, சீக்கிரம் திரும்புவதாகவும் தெரியவில்லை என்றால், உடன் வசிக்கும் வயது வந்த குடும்ப உறுப்பினரிடம் கொடுக்கலாம். வேலையாளிடம் கொடுத்தால் செல்லாது. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு, யார் முன்னிலையில் ஒட்டினார் என்பதை எழுதித் தர வேண்டும். ஆள் தலைமறைவு என்று நீதிமன்றம் நம்பினால் செய்தித்தாளில் வெளியிட உத்தரவிடும். பாதுகாவலர் மனுவுக்குக் கூடுதலாக ஒரு விதி உண்டு: அறிவிப்பை நீதிமன்றத்திலும் குழந்தை வசிக்கும் வீட்டிலும் பார்வையான இடத்தில் ஒட்ட வேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு.

உப்பளத்துக்கு விடியுமுன்னே போகும் குடும்பத்தில் பகலில் வீடு பூட்டியே இருக்கும். கதவில் ஒட்டிய தாளை எழுத்தறியாத பாட்டி கிழித்தெறிந்தால், தாய்க்குத் தெரியாமலே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடக்கூடும். அப்படி வந்தாலும், சம்மன் முறையாகச் சேரவில்லை என்று காட்டி அந்தத் தீர்ப்பை நீக்கக் கோரலாம். காலம் தாழ்த்தாமல் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகினால், பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறலாம்.

குழந்தையின் சொல்

ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம். குழந்தையின் நலனே தலையாயது என்றும் அது சொல்கிறது. விவரம் தெரிந்த வயதுடைய குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890ஆம் ஆண்டுச் சட்டமும் இடம் தருகிறது. செங்கல்பட்டில் தொடங்கிய வழக்கில் அந்த இரு சிறுவர்களையும் கேட்காமலே தீர்ப்புகள் எழுதப்பட்டன. மனுவின் முதல் பக்கத்தில் குழந்தையின் இருப்பிடத்தைச் சரியாக எழுதுபவர், அந்தக் குழந்தையை விசாரிக்கக்கூடிய தூரத்தில் உள்ள நீதிபதியிடம் வழக்கைக் கொண்டுபோகிறார்.